பைபாஸுக்குப் பிறகு எடை திரும்பினால்: ஊசியா, தையலா, மறுபடியும் கத்தியா?

2016-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எனக்கு இரைப்பை பைபாஸ் (இரைப்பையின் மேலே ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதை நேராகக் குடலோடு இணைக்கும் அறுவை) செய்தபோது எடை 128 கிலோ. ஒன்றரை வருடத்தில் 81-க்கு இறங்கினேன். புனித வெள்ளித் திருவிழாவுக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்றும் முழங்கால் வலிக்கவில்லை. இப்போது 103. இறக்கியதில் ஏறக்குறைய பாதி திரும்பிவிட்டது, கூடவே ரத்த அழுத்த மாத்திரையும். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மா, "இன்னொரு தடவை கத்தியா கண்ணு?" என்று கேட்டபோது சட்டென்று பதில் வரவில்லை. ஆறு மாதமாக மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை.

பைபாஸுக்குப் பிறகு எடை மிகக் குறைவாக இருப்பது பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள். அதற்குமேல் கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க உடல் பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். அதனால் நான்கைந்து கிலோவுக்காக யாரும் மறு அறுவையை நினைக்க வேண்டாம். என்னைப் போல பாதி திரும்பியிருந்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால் ஏன் திரும்பியது என்று பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்துத்தான் பலர் காசையும் உடம்பையும் இழக்கிறார்கள்.

காரணம் உடலமைப்பில் இருக்கலாம். 30 மில்லி அளவுக்கு விட்டுவைத்த சின்னப் பை விரிந்திருக்கலாம். பைக்கும் குடலுக்கும் நடுவே உள்ள இணைப்பு வாய் அகலமாகியிருக்கலாம். சிலருக்குப் பைக்கும் ஒதுக்கி வைத்த பழைய இரைப்பைக்கும் இடையில் ஒரு துளை விழுந்து, உணவு பழைய வழியிலேயே போய்விடும். எண்டோஸ்கோப்பியும் (வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது) மருந்து குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயும் இதைக் காட்டிவிடும். காரணம் வேறு இடத்திலும் இருக்கலாம்: இன்சுலின், ஸ்டெராய்டு, சில மனநல மருந்துகள், தைராய்டு குறைபாடு, மது, மனச்சோர்வு. அப்புறம் கொறிப்பது. பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) பாதி சாப்பிடவே என்னால் முடியாது, ஆனால் டீயோடு நாலு பிஸ்கெட், ஒரு சமூசா, கொஞ்சம் கூல்டிரிங்க் என்று நாள் முழுக்க உள்ளே போகும். மென்மையான உணவும் திரவமும் எந்தப் பையிலும் நிற்காது, எவ்வளவு சின்னதாக வெட்டினாலும்.

சரி, பசியைக் குறைத்து எடையை இறக்கும் ஊசியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே முதலில் சக்செண்டா (மருந்து லிராக்ளுடைட்) வந்தது. 2025-இல் வெகோவி (செமாக்ளுடைட்) விற்பனைக்கு வந்தது. மவுன்ஜாரோவும் (டிர்செபடைட்) கிடைக்கிறது, அதை இங்கே கொண்டுவருவது டர்பனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆஸ்பென் நிறுவனம். பெரிய ஆய்வுகளில் செமாக்ளுடைட் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. டிர்செபடைட் அதிக அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். ஆனால் அந்த ஆய்வுகளில் எடைக்காக அறுவை செய்துகொண்டவர்களைச் சேர்க்கவில்லை. நமக்கு நெருக்கமானது 2023-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று: அறுவைக்குப் பிறகும் போதுமான அளவு குறையாத 70 பேர், 24 வாரம். தினமும் லிராக்ளுடைட் போட்டவர்களுக்கு 8.8 சதவீதம் குறைந்தது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம். என் எடைக்குக் கணக்குப் போட்டால் ஒன்பது கிலோ. குறை என்னவென்றால் மாதாமாதம் சில ஆயிரம் ராண்ட், நிறுத்தினால் எடை மீண்டும் ஏறும். வாந்தி தொடர்ந்தால் பைபாஸ் உடம்புக்கு வைட்டமின் பி1 சீக்கிரம் தீர்ந்துவிடும், அது நரம்பையே பாதிக்கும். ஆகவே வாந்தியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு அகலமான இணைப்பு வாயைத் தைத்துச் சுருக்குவது. வயிற்றில் வெட்டு கிடையாது, அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வரலாம். 15 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்த வாயை எட்டு, பத்து மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார்கள். சில வாரம் திரவ உணவு. ஒரு வருடத்தில் எடையில் எட்டு முதல் பத்து சதவீதம் குறையும் என்று எதிர்பார்க்கலாம். எனக்கு அதுவும் எட்டு, பத்து கிலோதான், ஊசியோடு ஏறக்குறைய சமம். இதைப் பார்த்த பிறகுதான் என் மனம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் இணைப்பு வாய் அகலமாகாதவருக்குத் தையலால் பெரிய பயன் இல்லை. கொறிப்பையும் தையல் தடுக்காது.

மறு அறுவை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது நாலு விதமான வேலை. துளை விழுந்திருந்தால் அதை அடைப்பது: புண்ணும் வலியும் சேர்ந்து வரலாம், பெரும்பாலும் அறுவைதான் சரி. விரிந்த பையை வெட்டிச் சிறிதாக்குவது: முதலில் குறையும், பிறகு பலருக்கும் மறுபடி ஏறுகிறது, அதனால் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. பையைச் சுற்றி வளையம் போடுவது: உணவு அடைத்து வாந்தி வரலாம், வளையம் உள்ளே அரித்துப் போகலாம். கடைசியாக, குடலை இன்னும் கீழே இணைத்து, உணவு உறிஞ்சப்படும் நீளத்தைக் குறைப்பது. எடை மிக அதிகமாக இறங்குவது இதில்தான். மிக அதிகமாகப் பயமுறுத்துவதும் இதுதான். புரதக் குறைபாடு, ஓயாத வயிற்றுப்போக்கு, கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் தேயாமல் பார்த்துக்கொள்ள ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனை. குடலை மிகவும் சுருக்கியதால் மறுபடி திறந்து நீட்ட வேண்டிவந்தவர்களும் உண்டு. பழைய ஒட்டல்களுக்கு நடுவே வெட்டுவதால் எந்த மறு அறுவையிலும் கசிவு, தொற்று ஆபத்து முதல் தடவையைவிட அதிகம். இதைச் செய்ய வேண்டியிருந்தால், மறு அறுவைகளை அடிக்கடி செய்பவரிடம் மட்டும் போங்கள். எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பற்றி ஒரு வார்த்தை: முதல் அறுவைக்கு ஒப்புக்கொண்ட திட்டம் மறு அறுவைக்கும் ஒப்புக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். எழுத்தில் அனுமதி வாங்காமல் தேதி குறிக்காதீர்கள். எனக்கு வாய்மொழியாகத் தலையாட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுத்தார்கள்.

போன மாதம் எண்டோஸ்கோப்பி முடிந்தது. துளை இல்லை. பை பெரிதாக விரியவில்லை. இணைப்பு வாய் மட்டும் 20 மில்லிமீட்டர். ரத்தத்தில் இரும்பு இப்போதே குறைவு, அதனால் குடலைக் கீழே இறக்கும் அறுவையை மருத்துவர் பேச்சிலேயே எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. முதலில் ஆறு மாதம் ஊசி. கூடவே தினமும் 60 கிராமுக்குக் குறையாத புரதம்: முட்டை, டின் மீன் குழம்பு, சுகர் பீன்ஸ், பருப்பு. பிஸ்கெட் டப்பாவைப் பெரியம்மா வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஆறு மாதத்தில் எட்டு கிலோவாவது இறங்கவில்லை என்றால் அந்த இணைப்பு வாயைத் தைத்துக்கொள்வேன். கத்தி இப்போதைக்கு என் பட்டியலில் இல்லை.