தாத்தாவின் வெப்லி: சுடுவதா, பூட்டி வைப்பதா?

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்ட வீட்டில் தாத்தாவின் வெப்லி ரிவால்வர் இருக்கிறது; .32 அளவுத் தோட்டா போடும் பிரிட்டிஷ் கைத்துப்பாக்கி. உரிமம் இப்போது என் பெயரில்.

பயிற்சிக் களத்தில் மாதந்தோறும் சுட்டால் கை பழகும். சுட்டபின் துடைத்து எண்ணெய் இடுவதால் துருவும் அண்டாது. ஆனால் உறையில் செருகி எடுத்தே குழல் முனையில் துருவைத் தடுக்கும் நீலப் பூச்சு தேய்ந்து, இரும்பு வெள்ளிபோல் தெரிகிறது. போன பூச்சு திரும்பாது. பழைய ரிவால்வருக்கு உதிரிப் பாகம் கிடைப்பதும் அரிது.

பூட்டி வைப்பதும் சும்மா இருப்பதல்ல. 1,500 மீட்டர் உயரத்து மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். தோலுறை ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். போன ஐப்பசியில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் பள்ளத்தில் கடுகளவு செந்துருவைக் கண்டு பதறிப்போனேன்.

பாதுகாப்பதென்றே முடிவெடுத்தேன். தோலுறை தனியே, ரிவால்வர் எண்ணெய்த் துணியில். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் சுடுவேன்.