வெள்ளவத்தை ஓஈரி கிளாஸ்: அந்த சனிக்கிழமை வகுப்புக்காகவே போகலாம்

லண்டன் போற நேர்ஸ்மாருக்கு ஓஈரி (OET, ஆஸ்பத்திரி வேலைக்காரருக்கான இங்கிலீஷ் சோதினை) படிப்பிக்கிற இடம் வெள்ளவத்தைல கனக்க இருக்கு, இதுவும் காலி ரோட்டுல மேல்மாடில ஒண்டு. ஏசி சத்தத்துல பின்வாங்குக்கு லிஸனிங் ஓடியோ கேக்காது, ரைட்டிங் திருத்தித் தர சரியா இழுபடும், ஸ்பீக்கிங் மட்டும் சூப்பர்.

நான் எழுத வந்தது கடைசில வைக்கிற சனிக்கிழமை வகுப்பைப் பத்தி. இங்கிலாந்துல நேர்ஸா வேலை செய்திட்டு வந்த ஒரு அக்கா எடுக்கிறா, தலைப்பு கறுப்பின நேர்ஸ்மார். மேரி சீகோல் எண்ட ஜமேக்கா மனிசி 1850கள்ல நடந்த கிரைமியா சண்டைக்கு நேர்ஸா வாறன் எண்டு லண்டன்ல கேக்க எடுக்கேல்லையாம், பிறகு சொந்தக் காசுல போய்ச் சேர்ந்தவ, அவவுக்கு சென் தோமஸ் ஆஸ்பத்திரில சிலை வைக்க 2016 ஆகியிருக்கு (நாங்கள் நைட்டிங்கேலுக்கு விளக்குப் பிடிச்சதோட சரி). 1948ல என்.எச்.எஸ் (பிரிட்டன் அரசாங்க ஆஸ்பத்திரிச் சேவை) தொடங்கின பிறகு கரீபியன்ல இருந்து பிள்ளையளைக் கூப்பிட்டு கனபேரை ரெண்டு வருச எஸ்.ஈ.என் (முழு நேர்ஸுக்குக் கீழ்த்தரம்) ட்ரெயினிங்குக்குள்ள தள்ளி விட்டிருக்கினம், அதோட மேல ஏறவும் ஏலாது, ஊருக்குத் திரும்பினா அந்த சேர்ட்டிபிக்கேட்டுக்கு மதிப்பும் இல்ல. இப்பவும் பேண்ட் 5லயே (நேர்ஸ்மாரின்ர ஆரம்பச் சம்பளத் தரம்) வருசக்கணக்கா இருக்கிற ஆக்கள் ஆரெண்டு பாருங்கோ எண்டா.

ஒரு பிள்ளை எழும்பி, நாங்கள் கறுப்பர் இல்லையே மிஸ், எங்களுக்கேன் இது எண்டு கேட்டுது. அக்கா சிரிக்கேல்ல. 2015ல இருந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரியள் வருசாவருசம் குடுக்கிற டபிள்யூ.ஆர்.ஈ.எஸ் (வேலைல இன வித்தியாசம் காட்டுப்படுதோ எண்டு பாக்கிற) கணக்குல நீங்களும் அவையளும் ஒரே பக்கம்தான், இன்டர்வியூக்குப் பிறகு வேலை கிடைக்கிறதுலயும் விசாரணைக்கு இழுபடுறதுலயும் வெள்ளை ஆக்களுக்கும் மற்றவைக்கும் வித்தியாசம் வருது, இதை எழுத வைக்கிறதுக்கே சண்டை பிடிச்சதுல கறுப்பின நேர்ஸ்மாரும் இருந்தவை எண்டு சொன்னா. பிறகு, எங்கட சனமே கானா, நைஜீரியா நேர்ஸ்மாரைப் பத்தி ஸ்டாஃப் ரூம்ல தமிழ்ல கதைக்கிறதைச் சொன்னா பாருங்கோ, ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. எனக்குப் பிடிச்சதே அந்த இடம்தான். அவையளுக்கு அநியாயம் நடக்கேக்க பேசாம நிண்டா, நாளைக்கு எங்களுக்கு ஆர் வந்து நிக்கிறது.

வேலைக்கு உதவுற விசயமும் இருந்துது: முதல் ஷிஃப்டுக்கு முன்னமே யூனியன்ல சேருங்கோ, ஏதும் நடந்தா அண்டைக்கே திகதி போட்டு எழுதி வையுங்கோ, ப்ரமோஷன் கிடைக்காட்டி காரணத்தை ஈமெயில்ல கேளுங்கோ, ஸ்பீக் அப் கார்டியன் (வேலைல வாற பிரச்சினையைப் பயமில்லாமச் சொல்ல ஆஸ்பத்திரில வைச்சிருக்கிற ஆள்) ஆரெண்டு தெரிஞ்சு வையுங்கோ.

குறை என்னெண்டா சோதினை முடிஞ்ச பிறகு வைக்கினம், அரைவாசிப் பேர் வரேல்ல, நோட்ஸும் இங்கிலீஷ்ல மட்டும். விளம்பரத்துல இதைப் பத்தி ஒரு சொல் இல்ல. 5க்கு 4 குடுக்கலாம். காசு கட்ட முதல், உங்கட பேட்ச்சுக்கு சனிக்கிழமை வகுப்பு இருக்கோ எண்டு கட்டாயம் கேளுங்கோ, எல்லா பேட்ச்சுக்கும் வைக்கிறேல்லையாம்.