சாக்ஸ் போட்ட பாட்டிலும் நண்டுக் கறியும்: வீட்ல ஒயின் டேஸ்டிங் வெச்சா எந்த முறை தேறுது?

மெல்போர்ன் வந்து பதினோரு வருஷம் ஆச்சு, அதுல கடைசி நாலு வருஷமா ரெண்டு மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை எங்க ஏரியா பாயிண்ட் குக் கூட்டத்துல யாராவது ஒருத்தர் வீட்ல ஒயின் டேஸ்டிங் நடக்கும். டேஸ்டிங்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, எட்டு பேரு, ஒரு டைனிங் டேபிள், பக்கத்து ரூம்ல டிவி சத்தத்தோட பிள்ளைங்க, அவ்ளோதான். இதுவரைக்கும் மூணு விதமா நடத்திப் பாத்துட்டோம், மூணுலயும் சொதப்பியும் இருக்கோம், அதனால எது எப்போ தேறும்னு ஓரளவு தைரியமா சொல்லலாம்.

முதல்ல எல்லாரும் ஆரம்பிக்கிற முறை, ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு வாங்கன்னு வாட்ஸப்ல ஒரு மெசேஜ். ஹோஸ்ட்டுக்கு செலவு இல்ல, தலைவலி இல்ல, யார் என்ன கொண்டு வருவாங்கன்னு ஒரு ஆர்வம். ஆனா நடக்கிறது என்னன்னா எட்டு பாட்டில் வரும், அதுல அஞ்சு ஷிராஸ்ங்கிற சிவப்பு ஒயினா இருக்கும், ஏன்னா அந்த வாரம் பாட்டில் ஷாப்ல (இங்கத்து மதுக்கடை) அதுதான் ஆஃபர். மூணாவது பாட்டிலுக்கு மேல நாக்கு மரத்துப் போயிடும், அதுக்கப்புறம் தண்ணியில கலர் கலந்து குடுத்தாலும் "நல்லாருக்கே"ன்னுதான் சொல்லுவோம். இன்னொன்னு நம்ம ஊர் மரியாதை. கொண்டு வந்தவர் எதிர்லயே உக்காந்திருக்கும்போது இது எனக்குப் பிடிக்கலன்னு யார் சொல்லுவா? கல்யாண வீட்ல சாம்பார் உப்புக் கரிக்குதுன்னு பொண்ணோட அப்பாகிட்டயே போய் சொல்ற மாதிரி. அதனால இந்த முறையில அரட்டை நூத்துக்கு நூறு, ஒயினைப் பத்தி கத்துக்கிறது பத்து மார்க்கு கூட தேறாது. பொங்கலுக்கோ பர்த்டேக்கோ கூடுறீங்கன்னா இதுவே போதும், மண்டையை ஒடைச்சுக்க வேண்டாம்.

ரெண்டாவது, கண்ணை மறைச்சு டேஸ்ட் பண்றது. கண்ணைக் கட்டத் தேவையில்ல, பாட்டிலை மறைச்சா போதும். ஒரே திராட்சை, வேற வேற ஊர், மூணே பாட்டில், நாலுக்கு மேல வேண்டவே வேண்டாம். நாங்க முதல்ல பிரவுன் பேப்பர் பை போட்டுப் பாத்தோம், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்த்து பை நனைஞ்சு கிழிஞ்சு லேபிள் எட்டிப் பாத்துச்சு, அப்புறம் ஒருத்தர் பையனோட ஃபுட்டி சாக்ஸ் மூணை (துவைச்சதுதான்!) மாட்டி விட்டோம், இன்னிக்கு வரைக்கும் அதுதான். ஒரு விஷயம் கவனிங்க, சாக்ஸ் போட்டாலும் பாட்டில் ஷேப் காட்டிக் கொடுத்துடும். ஒல்லியா உயரமா இருந்தா ரீஸ்லிங்ங்கிற வெள்ளை ஒயின், தோள் சரிஞ்சு இருந்தா சிவப்பு பினோ நுவாரோ வெள்ளை ஷார்டனேயோ, தோள் நிமிந்து நின்னா சிவப்பு கேபர்னே. விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தாலும் ஆட்டம் க்ளோஸ், அப்போ ஜக்ல ஊத்தி வெச்சுடுறது நல்லது.

இந்த முறையோட பவர் என்னன்னு உலகத்துக்கே காட்டினது 1976 மே மாசம் பாரிஸ்ல நடந்த டேஸ்டிங். ஸ்டீவன் ஸ்பரியர்னு பாரிஸ்ல கடை வெச்சிருந்த பிரிட்டிஷ்காரர், பிரெஞ்ச் ஜட்ஜுங்களை உக்கார வெச்சு பிரெஞ்ச் ஒயினையும் கலிஃபோர்னியா ஒயினையும் லேபிளை மறைச்சு ஊத்தினார், வெள்ளையில ஷாத்தோ மான்டெலினா, சிவப்புல ஸ்டாக்ஸ் லீப், ரெண்டுமே 1973 கலிஃபோர்னியா ஒயின், ரெண்டுமே முதலிடம். லேபிளைப் பாத்திருந்தா அந்த ஜட்ஜுங்க அப்படி மார்க் போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?

நம்ம லெவல்ல அதே கதை எனக்கும் நடந்துச்சு. பரோசா, ஹீத்கோட், கிராம்பியன்ஸ்னு மூணு ஊர் ஷிராஸ், பரோசா பாட்டில் மட்டும் நான் பந்தாவா 70 டாலர் குடுத்து வாங்கினது. சாக்ஸைக் கழட்டினப்போ அது எட்டு பேர்ல ஆறு பேர் கிட்ட கடைசி. அந்த ஆறு பேர்ல நானும் ஒருத்தன்! வீட்டம்மா அன்னிக்கு என்னைப் பாத்த பார்வை இருக்கே, விடுங்க. 24 டாலர் கிராம்பியன்ஸ்தான் ஜெயிச்சது, அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

குறைன்னு பாத்தா, புதுசா வர்றவங்களுக்கு இது பரீட்சை எழுதுற மாதிரி இருக்கும். "என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க"ன்னு கேட்டா பாவம் திருதிருன்னு முழிப்பாங்க. பிளாக்பெர்ரி, சீடார் மரம்னு புக்குல போட்டிருக்கிறதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு நம்ம மூக்குக்குத் தெரிஞ்ச வாசனையைச் சொல்லச் சொல்லுங்க. எங்க யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் பழைய கிளேர் வேலி ரீஸ்லிங்கை மோந்து பாத்துட்டு "என்னடாப்பா, இது மண்ணெண்ணெய் மணக்குது"ன்னார், எல்லாரும் சிரிச்சோம், ஆனா அவர் சொன்னதுதான் கரெக்ட். ரீஸ்லிங் வயசாக வயசாக டிடிஎன்னு ஒரு பொருள் உருவாகுது, அதோட வாசனையை உலகம் பூரா கெரசின்னுதான் சொல்றாங்க. ரேஷன் கடை க்யூல கேனோட நின்னவங்களுக்கு இதுல தனி அட்வான்டேஜ்.

மூணாவது முறை, சாப்பாட்டை முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கு ஒயின் தேடுறது. எனக்கு இதுதான் ஃபேவரிட், அதனால இதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன். நெட்ல கிடைக்கிற பேரிங் சார்ட் எல்லாம் சீஸு, ஸ்டேக்கு, ஆய்ஸ்டர்னே போகும், நம்ம வீட்ல அன்னிக்கு வத்தக்குழம்பும் சுக்காவும் இருக்கும், அதுக்கு என்ன பண்றது? நாலு விஷயம் தெரிஞ்சுகிட்டா போதும்.

முதல்ல புளி. திராட்சையில இருக்கிற முக்கியமான புளிப்பும் நம்ம புளியில இருக்கிற புளிப்பும் ஒரே பொருள்தான், டார்டாரிக் ஆசிட். சாப்பாடு ஒயினை விடப் புளிப்பா இருந்தா ஒயின் சப்புனு ஆயிடும், மீன் குழம்பு ஒரு வாய் சாப்பிட்டுட்டு பட்டர் மாதிரி இருக்கிற ஷார்டனேயைக் குடிச்சுப் பாருங்க, வெறும் மரத்தண்ணி. அதே குழம்புக்கு கிளேர் வேலியோ ஈடன் வேலியோ ரீஸ்லிங் வெச்சா அது புளியோட சரிக்குச் சரி நிக்கும்.

அடுத்தது காரம். ஆல்கஹால் காரத்தோட எரிச்சலைத் தூக்கி விடும், ரெண்டுமே வாய்ல அந்தச் சூடு உணர்ற இடத்தைத்தான் சீண்டுது. நாங்க பண்ணின பெரிய தப்பு சிக்கன் 65க்கு 15 சதவீத பரோசா ஷிராஸ் வெச்சது. ரெண்டே நிமிஷத்துல எல்லாருக்கும் மூக்குல தண்ணி, ஒருத்தர் நேரா ஃப்ரிட்ஜைத் தொறந்து தயிர் டப்பாவோட திரும்பி வந்தார். அதுக்கு அடுத்த தடவை அதே சிக்கனுக்கு லேசா இனிப்பு இருக்கிற ரீஸ்லிங் ஒண்ணும் இனிப்பான மொஸ்காட்டோ ஒண்ணும் வெச்சோம், மொஸ்காட்டோல ஆல்கஹாலே 5, 6 சதவீதம்தான். ஒயின் தெரிஞ்சவங்க மொஸ்காட்டோன்னா மூக்கைச் சுளிப்பாங்க, சுளிக்கட்டும், 65க்கு அதுதான் முதல்ல காலியாச்சு.

மூணாவது துவர்ப்பு. சிவப்பு ஒயின்ல இருக்கிற டானின் வாழைக்காய்க் கறை மாதிரி வாயை இழுக்கும், ஏன்னா எச்சில்ல இருக்கிற புரோட்டீனைப் புடிச்சு வெச்சுக்குது. கொழுப்பும் இறைச்சியும் சேந்தா அது அடங்கிடும், அதனாலதான் மட்டன் சுக்காவுக்கு சிவப்பு சூப்பரா போகுது. மீனுக்கு சிவப்பு வேண்டாம்னு சொல்றதுலயும் அர்த்தம் இருக்கு, ஒயின்ல இருக்கிற இரும்புச் சத்துதான் அந்தக் கவிச்சி வாடையைக் கிளப்புதுன்னு 2009ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க. நண்டுக் கறிக்கு நம்ம யாழ்ப்பாணத்தார் அடம் பிடிச்சு கேபர்னே ஊத்திக் குடிச்சார், அவர் மூஞ்சி போன போக்குல அப்புறம் யாருக்கும் விளக்கம் தேவைப்படல. ஸ்பார்க்ளிங் எடுத்து ஊத்தினோம், தாஸ்மேனியாவோடது, நண்டு ஓடு உறிஞ்ச உறிஞ்ச அந்த நுரை வாயைக் கழுவி விட்டுட்டே இருந்துச்சு.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது, மிளகு. சில ஷிராஸ்ல மிளகு வாசனை வருதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, அது கற்பனை இல்ல, ரோட்டண்டோன்னு ஒரு பொருள், மிளகுல இருக்கிற அதே பொருள் திராட்சைத் தோல்லயும் இருக்குன்னு அடிலெய்ட்ல இருக்கிற ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 2008ல கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. குளிர் ஊர் ஷிராஸ்ல அது ஜாஸ்தி, கிராம்பியன்ஸ் அதுக்குப் பேர் போனது. அன்னிக்கு சாக்ஸ் ஆட்டத்துல அது ஜெயிச்சதுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன், ஏன்னா கிச்சன்ல மிளகுக் கறி வெந்துட்டு இருந்துச்சு! இன்னொரு கூத்து, அஞ்சுல ஒருத்தருக்கு இந்த வாசனை சுத்தமா தெரியாதாம், எங்க கூட்டத்துலயும் ரெண்டு பேர் "எங்கய்யா மிளகு, கதை விடுறீங்க"ன்னு இன்னும் சண்டைக்கு வர்றாங்க.

சரி, ரீஸ்லிங், ஷிராஸ், ஸ்பார்க்ளிங் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எது? நம்ம சாப்பாட்டுக்கு ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும்னா கண்ணை மூடிட்டு ரீஸ்லிங், புளிக்கும் காரத்துக்கும் ரெண்டுக்கும் ஈடு குடுக்கும், 20, 25 டாலர்லயே நல்லது கிடைக்கும். வடை, பஜ்ஜி, மீன் வறுவல்னு எண்ணெய் பலகாரமா இருந்தா ஸ்பார்க்ளிங் ஒரு படி மேல. ஷிராஸ் மட்டனுக்கும் மிளகுக்கும் மட்டும், மத்ததுக்கு எல்லாம் அது வீண் ஜம்பம். ஷார்டனேயை முழுசா ஒதுக்கிடாதீங்க, ஓக் பீப்பாய்ல வளந்ததுக்கு, அதுவும் அமெரிக்கன் ஓக்குக்கு, தேங்காய் வாசனை உண்டு, திருநெல்வேலி சொதிக்கு அதை வெச்ச அன்னிக்கு ரெண்டு பாட்டில் பத்தல. இனிப்புக்கு விக்டோரியாவோட சொந்தச் சரக்கு ரூதர்க்லென் மஸ்கட், கருப்பட்டிப் பாகும் காஞ்ச திராட்சையும் சேந்த மாதிரி, அதிரசத்துக்கு சின்ன டம்ளர்ல ரெண்டு மடக்கு. 17, 18 சதவீதம், அதுக்கு மேல கேக்காதீங்க.

இந்த மூணாவது முறையோட குறை, ஹோஸ்ட் செத்துடுவாங்க. சமைக்கணும், ஒயின் வாங்கணும், ஆறின குழம்பைச் சூடு பண்ணிட்டே பாட்டிலும் தொறக்கணும். இன்னொன்னு தாளிப்பு. இங்க வீடெல்லாம் கிச்சனும் ஹாலும் ஒண்ணா தொறந்து கெடக்கும், கடுகும் பெருங்காயமும் எண்ணெய்ல விழுந்தா அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எந்த ஒயினுக்கும் வாசனை கிடையாது. அதனால இப்போ ரெண்டாவதையும் மூணாவதையும் ஒட்டுப் போட்டு நடத்துறோம். சமையல் எல்லாம் மத்தியானமே முடிஞ்சுடும், அஞ்சு மணிக்கு ஜன்னலைத் தொறந்து வெச்சு சாக்ஸ் ஆட்டம், அகர்பத்தி, சென்ட் எல்லாத்துக்கும் தடா, ஏழு மணிக்கு சாப்பாட்டோட அதே பாட்டில்களை மறுபடி. தனியா குடிச்சப்போ தோத்தது சாப்பாட்டோட ஜெயிக்கும், அந்த ரெண்டு ரிசல்ட்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கிறதுதான் இதுல உண்மையான கிக்கு. செலவை நாலு குடும்பமும் சமமா பிரிச்சுக்கிறோம், வாங்குறது மட்டும் ஒருத்தர்.

அளவு முக்கியம். ஒரு ஊத்துக்கு 60 மில்லி, 750 மில்லி பாட்டில் ஒண்ணு பன்னெண்டு பேர் வரைக்கும் வரும். நாலு ஒயின் டேஸ்ட் பண்ணினா 240 மில்லி, இங்கத்துக் கணக்குல ரெண்டரை ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒண்ணுக்கு 10 கிராம் ஆல்கஹால்) கிட்ட வந்துடுது, விக்டோரியால வண்டி ஓட்ட ரத்தத்துல ஆல்கஹால் லிமிட் 0.05, பி பிளேட்காரங்களுக்கு (புதுசா லைசென்ஸ் எடுத்தவங்க) சுத்தமா ஜீரோ. குடும்பத்துக்கு ஒருத்தர் அன்னிக்குக் குடிக்காம இருக்கிறது எங்க ரூல், அடுத்த தடவை முறை மாறும். டேஸ்ட் பண்ணிட்டுத் துப்புறதுதான் தொழில்காரங்க வழக்கம், ஆனா அடுத்தவங்க வீட்டு டேபிள்ல நடுவுல பக்கெட் வெச்சு எச்சில் துப்புறதுன்னா நம்ம ஆளுங்களுக்கு உயிரே போயிடும். ஆளுக்கு ஒரு மூடி போட்ட காபி கப் குடுத்துப் பாருங்க, வெளிய தெரியாது, கூச்சமும் போயிடும்.

சைவ நண்பர்கள் வர்றாங்கன்னா முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரோட்டீன், சில இடத்துல மீனோட காத்துப் பை எடுத்த ஐசிங்கிளாஸ்னு போடுறது உண்டு. எங்க கூட்டத்து மாமி ஒருத்தர் ரெண்டு வருஷம் குடிச்சதுக்கு அப்புறம்தான் இதைப் படிச்சாங்க, அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஃபோன். இப்போ வீகன்னு போட்டிருக்கிற பாட்டிலாப் பாத்து வாங்குறோம், நிறையவே கிடைக்குது.

அடுத்த முறை எங்க வீடு. வத்தக்குழம்பு வைக்கலாம்னு இருக்கேன், இதுவரைக்கும் அதுக்கு மூணு ஒயின் வெச்சுப் பாத்து மூணும் மண்ணைக் கவ்விடுச்சு. ஷெர்ரி (ஸ்பெயினோட ஸ்ட்ராங்கான ஒயின்) மாதிரி இங்க பண்ற, இனிப்பில்லாத அபேரா ஒரு பாட்டில் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன், அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, நேத்து அதை எடுத்துப் பாத்துட்டு "இதுக்கு எதுக்குடா இவ்ளோ காசு, சுட்ட அப்பளம் போதும்"ங்கிறாங்க. ரெண்டையும் வெச்சுப் பாத்துடுறேன்.