எந்தப் பழுதைக் கண்ணால் பார்க்க முடியும்? முதல் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எம்எக்ஸ்-5, 86, பாக்ஸ்டர்: ஓர் ஒப்பீடு

முதன்முறையாகப் பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முனைபவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும், நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆகும் நொடிகளையும் எதிரெதிரே எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறார்கள். புதிய காருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். பத்து, இருபது ஆண்டுகள் பலர் கைமாறிய காருக்கு அது அநேகமாகப் பயன்படாது. ஏனெனில் இத்தகைய கார்களில் ஒவ்வொரு மாடலுக்கும் எந்த உறுப்பு முதலில் கெடும் என்பது மெக்கானிக்குகளுக்கும் உரிமையாளர்களுக்கும் ஏற்கெனவே தெரிந்த செய்தி. தெரியாமல் இருப்பது, நம் முன்னால் நிற்கும் இந்த ஒரு காரில் அந்தக் கேடு தொடங்கிவிட்டதா என்பது மட்டுமே. பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க முடிகிற காரைத்தான் முதல் காராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அடிக்கடி ஒரே பட்டியலில் இடம்பெறும் மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86, முதல் தலைமுறை போர்ஷ் பாக்ஸ்டர் ஆகிய மூன்றையும் அந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். சுபாரு பிஆர்இசட் என்ற பெயரில் விற்கப்பட்டதும் அடிப்படையில் 86 என்ற அதே கார்தான் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளலாம்.

எம்எக்ஸ்-5 முதன்முதலில் 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. 2016 ஏப்ரலில் அதன் பத்து லட்சமாவது கார் தயாரிப்பிலிருந்து வெளிவந்தது. இவ்வளவு எண்ணிக்கையில் விற்ற, கூரையைத் திறக்கக்கூடிய இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் வேறில்லை. வாங்குபவருக்கு இதனால் நேரடிப் பயன் உண்டு: உதிரிப் பாகங்கள் கிடைக்கும், பார்த்துப் பழகிய மெக்கானிக் கிடைப்பார், ஒன்று சரியில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததைத் தேடலாம். எஞ்சின் எளிமையானது, முறையாக ஆயில் மாற்றி, வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டையும் உரிய காலத்தில் மாற்றிவந்தால் நெடுங்காலம் உழைக்கும். இந்தக் காரின் கேடு எஞ்சினில் இல்லை, உடம்பில் இருக்கிறது. அதன் பெயர் துரு.

துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள இரண்டு வடிகால் குழாய்கள் வழியாகக் கீழே இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே வெளியேறும். காய்ந்த இலையும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டால், நீர் கதவுக்குக் கீழுள்ள உட்கூடான தகட்டுப் பகுதியில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். ஆகவே முதல் இரண்டு தலைமுறைக் கார்களைப் பார்க்கும்போது, கதவுக்குக் கீழே பின்சக்கரத்தை நோக்கிச் செல்லும் அந்தக் கடைசி ஒரு சாண் இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். பெயிண்ட் கொப்புளம் போலப் புடைத்திருந்தால் உள்ளே தகடு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். பளபளவென்று அந்த இடம் மட்டும் புதிதாகத் தெரிந்தால் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்க்கலாம். ஒட்டவில்லை என்றால் அங்கே இரும்பு இல்லை, பூச்சு மாவுதான் இருக்கிறது. 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையில் முன்பக்கச் சேஸிஸ் தண்டுகளும் உள்ளிருந்து அரிக்கும் என்பதால் காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சாலையில் உப்புத் தூவும் குளிர்நாட்டில் ஓடிய கார் என்றால் இது இரட்டிப்பு அவசியம். இத்தனையும் எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் இவை அனைத்தும் ஒரு மணி நேரத்தில், ஒரு கைவிளக்கும் காந்தமும் கொண்டு முடிந்துவிடக்கூடிய சோதனைகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாக்ஸ்டர் இதற்கு நேர் எதிர். 1996 முதல் 2004 வரை தயாரான 986 என்ற முதல் தலைமுறை, இன்று பல இடங்களில் நல்ல நிலையிலுள்ள எம்எக்ஸ்-5 அளவுக்கு இறங்கிய விலையில் கிடைப்பதால், புதிதாக வாங்குபவரின் கண்ணை அதுவே முதலில் பறிக்கிறது. நடுவில் பொருத்தப்பட்ட ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சினும் (சிலிண்டர்கள் இருபுறமும் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை), கைக்கு உயிரோட்டமாகப் பேசும் ஸ்டியரிங்கும் இந்த விலையில் வேறெந்தக் காரிலும் கிடையா என்பதை மறுக்க முடியாது. வாங்கும் விலை குறைந்தாலும் பாகங்களின் விலையும் வேலைக் கூலியும் போர்ஷுக்குரியவையாகவே நிற்கும் என்பதையும் எல்லாரும் சொல்வார்கள். இது உண்மைதான் என்றாலும் என் கவலை வேறு.

அந்த எஞ்சினுக்குள், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளுக்கு இயக்கத்தைக் கொண்டு செல்லும் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங், சீல் செய்து உள்ளேயே கிரீஸ் அடைத்து வைக்கப்பட்ட வகை. காலப்போக்கில் அந்த சீல் தளர்ந்து, கிரீஸ் கழுவப்பட்டுப் போய், பேரிங் உடைந்தால் டைமிங் குலைந்து வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எஞ்சின் அத்துடன் முடிந்தது. தொடக்க ஆண்டுகளில் வந்த இரட்டை வரிசைப் பேரிங் ஒப்பீட்டளவில் உறுதியானது. 2000 வாக்கில் தொடங்கி வந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் அதிகம் பயமுறுத்துவது. எல்லாக் காரிலும் அது உடைவதில்லை, பெரும்பாலானவை நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் உடையப் போகும் காருக்கும் உடையாத காருக்கும் டெஸ்ட் டிரைவில் எந்த வேறுபாடும் தெரியாது என்பதே சிக்கல். அதிகபட்சமாக, ஆயில் ஃபில்டரைக் கழற்றி அதன் காகித மடிப்புகளை விரித்துப் பார்த்து, மின்னும் இரும்புத் துகள் இருக்கிறதா என்று தேடலாம். துகள் இருந்தால் வாங்கக் கூடாது என்பது உறுதி. இல்லை என்றால் எதுவும் உறுதியில்லை.

இதற்கு ஒரே நம்பகமான சான்று காகிதம்தான். அந்தப் பேரிங்கை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் இறக்கியாக வேண்டும் என்பதால், அறிந்த உரிமையாளர்கள் கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவார்கள். அந்த ரசீதைக் காட்டும் ஒருவர் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். குறைவாக ஓடிய கார் என்பதைப் பெருமையாகச் சொல்லி விற்பவரிடம் மட்டும் எச்சரிக்கை தேவை: ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் ரப்பரும் சீல்களும் ஓடிய காரைவிட மோசமாக முதிர்ந்திருக்கும். இவை தவிர, கூலண்ட் டேங்க்கில் விரிசல், முன்பக்க ரேடியேட்டர்களின் முகப்பில் இலைக்குப்பை, கிளட்ச்சுக்கு அருகில் ஆயில் கசிவு ஆகியவையும் வழக்கமானவை; ஆனால் அவை தெரியக்கூடியவை என்பதால் விலையில் கழித்துக்கொள்ளலாம். கூரை வடிகால் அடைத்துக்கொள்ளும் தொல்லை இங்கும் உண்டு. நீர் இருக்கைக்கு அடியில் தேங்கி, அங்கே வைக்கப்பட்டிருக்கும் மின்னணுப் பெட்டியை நனைத்தால் கார் சாவியை அடையாளம் காணவே மறுக்கும். ஒரு மின்னணுப் பெட்டியை அவ்விடத்தில் வைக்க யாருக்குத் தோன்றியதோ!

86 இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2012இல் சந்தைக்கு வந்த இதில் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின், 200 குதிரைத்திறன். மற்ற இரண்டையும்விட வயதில் இளையது என்பதால் துருவும் ரப்பர் முதிர்வும் இன்னும் பெரிய பிரச்சினையாகவில்லை. இதில் பார்க்க வேண்டியது முக்கியமாக ஆவணம். தொடக்க ஆண்டுக் கார்களின் வால்வு ஸ்பிரிங் முறியக்கூடும் என்று 2018இல் நிறுவனம் அவற்றைத் திரும்ப அழைத்தது. அந்தப் பணிக்கு எஞ்சினையே இறக்க வேண்டியிருந்தது. பணிக்குப் பின் எஞ்சின் பழுதடைந்ததாகச் சில உரிமையாளர்கள் புகார் செய்ததும் உண்டு. எனவே 2012, 2013 காலத்துக் காராக இருந்தால், சேஸிஸ் எண்ணைக் கொண்டு அந்தப் பணி முடிந்ததா என்று கேட்டறிவதோடு, முடிந்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிறையவே ஓடியிருந்தால் நல்ல செய்தி. அதற்குப் பிந்தைய கார் கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. உயர் அழுத்த எரிபொருள் பம்ப்பிலிருந்து சிள்வண்டு போல ஓர் ஒலி வரும். பலர் அதைக் கேட்டு மிரண்டு பின்வாங்குகிறார்கள், அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

86க்கு உண்மையான ஆபத்து முந்தைய உரிமையாளர்தான். இளைஞர்கள் கைக்கு எட்டும் விலையிலிருந்த பின்சக்கர இயக்கக் கார் என்பதால் டிரிஃப்ட் அடிக்கவும் (பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டவும்), டர்போ பொருத்தவும், சஸ்பென்ஷனைத் தாழ்த்தவும் பலர் இதை எடுத்துக்கொண்டார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் 86க்குச் சற்று அதிகம் கொடுப்பது தவறில்லை. மாற்றியமைத்ததைத் திரும்பப் பழையபடி ஆக்கி விற்பவர்களும் உண்டு; எஞ்சின் அறையில் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் நிறைய இருப்பது, பின்டயர் இரண்டு மட்டும் மலிவான வேறு பிராண்டாக இருப்பது போன்றவை அதைக் காட்டிக்கொடுக்கும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படித்துப் பார்க்கலாம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. எந்தக் காராக இருந்தாலும், நான்கும் ஒரே நல்ல பிராண்டாக, பழையதாகிவிடாமல் இருந்தால், அதை வைத்திருந்தவர் கைச்செலவுக்குக் கணக்குப் பார்க்காதவர் என்று ஊகிக்கலாம்.

ஓட்டும் அனுபவத்தில் மூன்றும் மூன்று விதம். ஒரு டன்னை ஒட்டிய எடையும், தொடக்கக் கார்களில் ஏறத்தாழ 115 குதிரைத்திறனும் கொண்ட எம்எக்ஸ்-5 வேகமான கார் இல்லை. அதன் சிறப்பே, சாதாரணச் சாலையில் சட்டத்துக்குட்பட்ட வேகத்திலேயே அதன் முழுத் திறனையும் தொட்டுவிட முடிவதில் இருக்கிறது. 86 அதே கொள்கையைச் சற்றுப் பெரிய உடலில் பின்பற்றுகிறது. சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் ஹைபிரிடில் வந்த அதே வகை டயர்களை வேண்டுமென்றே இதற்கும் பொருத்தினார்கள். பிடிப்பு குறைவாக இருப்பதால் குறைந்த வேகத்திலேயே வழுக்கத் தொடங்கி, ஓட்டுநருக்கு முன்கூட்டியே உணர்த்திவிடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3500க்கும் 4500க்கும் இடையிலான எஞ்சின் சுழற்சியில் அதன் இழுவிசை தொய்ந்துபோவது மட்டும் நகரப் போக்குவரத்தில் சலிப்பூட்டும். பாக்ஸ்டர் இரண்டையும்விட அதிகப் பிடிப்புடன் வளைவுகளைக் கடக்கும். ஆனால் நனைந்த சாலையில் வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், நடுவில் எஞ்சின் உள்ள கார் பின்பக்கத்தை வேகமாக வீசும். அனுபவம் உள்ளவருக்கு அதைத் திருத்த நேரம் கிடைக்கும்; முதல் முறை ஓட்டுபவருக்குக் கிடைக்காது. 86இல் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு வசதி உண்டு, பாக்ஸ்டரில் அது கூடுதல் பணத்துக்கு வந்த விருப்ப வசதி, முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் கிடையவே கிடையாது.

அன்றாடப் பயன்பாட்டில் 86 தெளிவாக முந்துகிறது. பின்னிருக்கை பெயருக்குத்தான் என்றாலும் அதை மடித்தால் நான்கு டயர்களையே ஏற்றலாம், கூரையும் இரும்பு. பாக்ஸ்டருக்கு முன்னும் பின்னுமாக இரண்டு டிக்கிகள் இருப்பது வியப்பான வசதி. எம்எக்ஸ்-5இல் ஒரு வாரப் பயணத்துக்கு இருவரின் துணிமணி என்பதே பேரம் பேச வேண்டிய விஷயம், உயரமானவர்கள் வாங்கும் முன் கட்டாயம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தொடக்க ஆண்டு எம்எக்ஸ்-5, பாக்ஸ்டர் இரண்டிலும் பின்கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது; மங்கி, வெடித்துப் போயிருந்தால் அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பேச வேண்டும்.

இந்த மூன்றுக்கும் வெளியே கண்ணை இழுக்கும் சில உண்டு. 9000 சுழற்சி வரை பாடும் ஹோண்டா எஸ்2000 அருமையான கார்தான், ஆனால் சேகரிப்பாளர்கள் அதன் விலையை உயர்த்திவிட்டார்கள்; கற்றுக்கொள்ளும் காராக அதை வாங்குவதில் அர்த்தமில்லை. நிசான் 350இசட் அதிக சக்தியும் அதிக எடையும் கொண்டது, 86ஐப் போலவே முரட்டுக் கைகளில் சிக்கியவை ஏராளம். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது: பிஸ்டன் இல்லாத ரோட்டரி எஞ்சினின் நிலையைச் எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் சரியாகக் காட்டாது, அதற்கென்றே தனிக் கருவி வேண்டும். அந்தக் கருவியில் எடுத்த அறிக்கையில்லாமல் அதன் அருகில்கூடப் போகாதீர்கள்.

எதைப் பார்க்கப் போனாலும் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட்டின்போது வரும் நீலப்புகையும் உலோகச் சத்தமும், சூடான எஞ்சினில் மறைந்துவிடும். காப்பீட்டுத் தொகையையும் பேரம் முடிவதற்கு முன்பே, குறிப்பிட்ட அந்தக் காருக்கே கேட்டு வாங்க வேண்டும்; வயது குறைந்த ஓட்டுநருக்கு அதுவே முடிவை மாற்றிவிடக்கூடும்.

ஒரே தொகை கையிலிருந்தால் என் தேர்வு, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயினுடன் 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5. உருவத்தில் சற்றே பருத்தது என்று ரசிகர்கள் அதை ஒதுக்குவது வாங்குபவருக்கு நல்லதே. குடும்பத்தில் வேறு கார் இல்லை, இதுவே எல்லாவற்றுக்கும் என்றால், திரும்ப அழைக்கப்பட்ட ஆண்டுகளுக்குப் பிந்தைய, கைவைக்காத 86. பாக்ஸ்டர்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், பேரிங் மாற்றிய ரசீதுள்ள காரைத் தேடுங்கள். அது கிடைக்காமல் வாங்குவதாக இருந்தால், கிளட்ச்சும் பேரிங்கும் சேர்த்து மாற்ற ஆகும் தொகையை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அதைக் கேட்ட விலையிலிருந்து கழித்த பிறகே பேரத்தைத் தொடங்குங்கள்.