30 மி.லி. சிபிடி எண்ணெய் புட்டி: மாத்திரை சாப்பிடுகிறவர் வாங்கலாமா?

ஹெம்ப், அதாவது போதை தராத கஞ்சா வகைச் செடியிலிருந்து எடுக்கும் கன்னாபிடியால், அதாவது சிபிடி எண்ணெய், பரவலாகக் கிடைப்பது 1,000 மி.கி. கொண்ட 30 மி.லி. புட்டியில். ஒரு மி.லி.யில் சுமார் 33 மி.கி. இருக்கும். கோடு போட்ட டிராப்பர் உள்ள புட்டியையே எடுங்கள். சொட்டு எண்ணி அளந்தால் ஒரு சொட்டுபோல் இன்னொன்று விழாது.

தினமும் மாத்திரை எதுவும் எடுக்காதவருக்கு அளவைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு லேபிளில் இருப்பது பெரும்பாலும் "மருத்துவரைக் கேளுங்கள்" என்ற ஒற்றை வரிதான். இதுதான் பெரிய குறை. என்ன கேட்பது என்று அதில் இருக்காது.

கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி நொதிகளில் சிலவற்றை சிபிடி தடுக்கிறது. மருந்து வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும். வலிப்புக்குத் தரும் குளோபசாம் இதற்குத் தெளிவான உதாரணம்: அது உடலில் சிதைந்து உருவாகும், மருந்தாகவே வேலை செய்யும் பொருள் சுமார் 3 மடங்கு ஏறலாம், ஆளைத் தூக்கம் அமுக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு, இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் உயர்ந்து இரத்தக்கசிவு வரலாம். உறுப்பு மாற்றத்துக்குப்பின் உடல் அதை நிராகரிக்காமலிருக்க எடுக்கும் டாக்ரோலிமஸ் ஏறினால் சிறுநீரகம் பாதிக்கும். இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயர்வதைக் கவனிக்க வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர் எதிர், சிபிடியையே குறைத்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், குளோபசாம் விவரம் மருத்துவர் எழுதித்தரும் உயர் அளவுகளில் கண்டது. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 மி.கி. என்றால், 60 கிலோ உள்ளவருக்கு 600 மி.கி. அந்தக் கணக்கில் இந்தப் புட்டி இரண்டு நாள்கூடத் தாங்காது. ஒரு டிராப்பர் அளவில் ஆபத்து குறைவு. ஆனால் வார்ஃபரின், டாக்ரோலிமஸ் போன்றவற்றில் சிறு ஏற்றமே பிரச்சினை.

காலையில் மாத்திரை, இரவில் எண்ணெய் என்று பிரித்துக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. தொடர்ந்து எடுத்தால் சிபிடி உடலில் பாதியாகக் குறையவே இரண்டு நாளுக்கு மேல் ஆகலாம். வெறும் வயிற்றைவிடக் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தத்தில் ஏறும் அளவு 4 மடங்கு வரை கூடும். அதனால் தினமும் ஒரே நேரம், ஒரே மாதிரி சாப்பாடு.

புட்டிக்குள் இருப்பதையும் அப்படியே நம்ப முடியாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் வாங்கிச் சோதித்த 84 சிபிடி பொருட்களில் 26 மட்டுமே லேபிளோடு ஒத்துப்போயின. 18-இல் கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி இருந்தது. புட்டியின் பேட்ச் எண்ணும் ஆய்வக அறிக்கையின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அறிக்கையே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வார்ஃபரினோ டாக்ரோலிமஸோ எடுப்பவர், மருத்துவர் ஒப்புக்கொண்டால் மட்டும் தொடங்குங்கள். முன்பே ஒரு இரத்தப் பரிசோதனை, தொடங்கியபின் மறுபடி ஒன்று, அளவு மாற்றினால் இன்னொன்று. எண்ணெயை நிறுத்தும்போதும் சொல்லிவிடுங்கள்: தடை விலகினால் மருந்தின் அளவு இறங்கிவிடும்.