துவைக்கிற ஏர் ஃபில்டரா, தூக்கிப் போடுகிற ஏர் ஃபில்டரா?

இன்ஜினுக்குள் போகிற காற்றில் தூசியைப் பிடிப்பது ஏர் ஃபில்டர். போன மாதம் என் டீசல் ஸ்விஃப்டில் இருந்த, துவைத்துத் துவைத்து மாட்டுகிற சிவப்பு காட்டன் ஃபில்டரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அழுக்கானால் தூக்கிப் போடுகிற பேப்பர் ஃபில்டருக்கே மறுபடியும் வந்துவிட்டேன். மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு எடுத்த முடிவு. அதனால் இந்த அலசல் பேப்பர் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விலைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். காட்டன் ஃபில்டருக்கு 5,500 ரூபாய், துவைக்கிற கிட்டுக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். பேப்பர் ஃபில்டர் 400 ரூபாய். 20,000 கிலோமீட்டருக்கு ஒன்று மாற்றினாலும், போட்ட காசை எடுக்க மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். வண்டி அதுவரை என்னிடம் இருக்கப்போவதில்லை.

சரி, பிக்கப் கூடுமா? நான்காவது கியரில் 60-லிருந்து 100 வரை, நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து போன் ஸ்டாப்வாட்சை அமுக்க, புது பேப்பரிலும் காட்டனிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். வந்த வித்தியாசம் அவன் விரல் தாமதத்துக்கே சரியாகப் போயிற்று. மைலேஜும் அப்படியேதான். காற்று இழுக்கிற சத்தம் மட்டும் கூடியது. முதல் வாரம் அந்தச் சத்தத்தைத்தான் வேகம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்ததில், ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் இன்றைய ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, பிக்கப்தான் அடிவாங்கியது. அடைத்த ஃபில்டரை மாற்றினால் இழந்த பிக்கப் திரும்பி வரும், அவ்வளவுதான். ட்யூனிங் செய்த பெட்ரோல் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறி) வண்டிகளில் கதை வேறாக இருக்கலாம். நான் ஓட்டியது கம்பெனி நிலையில் உள்ள ஒரே ஒரு டீசல்.

என் முடிவை மாற்றியது துவைக்கிற வேலைதான். கடையில் கேட்டால் ‘துவைச்சு மாட்டுங்க சார், ஆயுசுக்கும் வரும்’ என்பார்கள். துவைப்பது லேசு. தட்டித் தூசியை உதிர்த்து, கிளீனர் அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். டீ டிக்காஷன் மாதிரி தண்ணீர் இறங்கும். அதற்குப் பிறகுதான் தலைவலி. ஹேர் டிரையர் கூடாது, ஏர் அடிக்கக் கூடாது. தானாகவே காய வேண்டும். ஐப்பசி மழையில் ஒன்றரை நாள் கொடியில் தொங்கியது. ‘கார் நிக்குது, இது என்னடா ஜட்டியோட ஜட்டியா காயுது’ என்று அம்மா கேட்டார். ஃபில்டர் இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது, அன்றைக்கு பஸ்தான்.

காய்ந்த பிறகு மடிப்பு மடிப்பாக எண்ணெய் விட வேண்டும். தூசியைப் பிடிப்பதே அந்த எண்ணெய்தான். குறைந்தால் தூசி உள்ளே போகும். முதல் தடவை நான் கஞ்சத்தனமாக விட்டேன். இரண்டு மாதம் கழித்து ஃபில்டரைத் தாண்டிய குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் செம்மண் பொடி மாதிரி ஒட்டியது. அது நேராக டர்போவுக்குப் போகிற வழி. இரண்டாம் தடவை பயத்தில் தாராளமாக விட்டேன். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே மாட்டேன் என்றது. உள்ளே வரும் காற்றை அளக்கிற எம்ஏஎஃப் சென்சாரை மெக்கானிக் கழற்றிக் காட்டினார்; மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்த சென்சார் காற்றைக் குறைத்துச் சொன்னால் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவும் டீசலைக் குறைத்துவிடும். ஸ்ப்ரே அடித்துத் துடைத்ததும் வண்டி பழையபடி இழுத்தது. எண்ணெய்தான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. புது சென்சார் வாங்க நேர்ந்திருந்தால் மேலே போட்ட கணக்கே கிழிந்திருக்கும்.

காட்டனுக்கும் ஆள் இருக்கிறார்கள். இரண்டு ஃபில்டர் வாங்கி, ஒன்று காயும்போது இன்னொன்றை மாட்டிக்கொண்டு, எண்ணெயை அளந்து விடுகிற பொறுமை இருப்பவருக்கு அது சரியாக வரும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பேப்பரைக் கழுவவே கூடாது. ஏர் அடிக்கக் கொடுத்தால், சுத்தமான பக்கத்திலிருந்து, தள்ளிப் பிடித்து, மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். முட்ட வைத்து அடித்தால் பேப்பர் கிழியும், கண்ணுக்கும் தெரியாது. நான் அதுவும் செய்வதில்லை. டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்க்கிறேன். வெளிச்சம் மங்கிவிட்டால் 400 ரூபாய், ஐந்து நிமிட வேலை, அன்றைக்கே வண்டி ஓடும்.