டெஸ்க்டொப் பெட்டிக்குள் எந்தக் கேபிளில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

போன மாதம் அக்காவின் மகன் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் ஒரு பழைய அலுவலகக் கொம்பியூட்டரோடு வந்து இறங்கினான். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020, பெரிய பெட்டி, நான்காம் தலைமுறை ஐ5. ஏ.எல். முடித்துவிட்டு வீடியோ எடிட்டிங் பழகுகிறான். அதற்காக ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் (எஸ்எஸ்டி என்றால் சுழலும் தட்டில்லாத டிஸ்க்; சாட்டா என்பது டிஸ்கை இணைக்கும் வயர் முறை), பாவித்த ஆர்எக்ஸ் 570 கிராபிக்ஸ் கார்ட் ஒன்றும் பம்பலப்பிட்டியில் வாங்கியிருந்தான். கூடவே ஒரு சின்னப் பொலித்தீன் பை. அதற்குள் நாலைந்து விதமான இணைப்பு வயர்கள்.

“மாமா, கார்டுக்குக் கரண்ட் குடுக்கிற வயரும் இதுக்குள்ள இருக்கு. இண்டைக்கே பூட்டிப் பாப்பமா?” என்றான்.

பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். சாட்டா பவர் முனையை எட்டுப் பின் முனையாக மாற்றும் அடாப்டர் ஒன்று கிடந்தது. அதை மட்டும் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, முதலில் தேத்தண்ணி குடிப்போம் என்றேன். அன்று அவனுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். திருகோணமலையில் சரியான வயர் கடையில் இல்லையென்றால் கொழும்பிலிருந்து வரும்வரை இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். கையில் கிடைத்ததைப் பூட்டிவிடலாம் என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் வருகிறது.

என் கணக்கு இதுதான். தரவு போகும் வயர் பழுதானால் வேலை நின்றுவிடும், அல்லது மெதுவாகும்; உங்களுக்குத் தெரிந்துவிடும். மின்சாரம் போகும் வயர் பழுதானால் வேலை நடந்துகொண்டேயிருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டேயிருக்கும். மணம் வரும்போதுதான் தெரியும். ஆகவே முதல் வகையில் மலிவைத் தேடலாம். இரண்டாம் வகையில் கூடாது.

தரவுக் கேபிள்: பழையது போதும்

சாட்டா தரவுக் கேபிளில் ஏழு தொடுமுனைகள். 2003இல் வந்த முதல் தலைமுறை வேகத்துக்கும் இன்றைய 6 கிகாபிட் வேகத்துக்கும் தரநிர்ணயப்படி கேபிள் ஒன்றுதான். உறையில் “சாட்டா 3” என்று பெரிதாக அச்சடித்திருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் கேபிள் மடிந்து நசியாமல், ஒரு மீற்றருக்கு மேல் நீளாமல் இருந்தால் அதையே பாவியுங்கள்.

சந்தேகமாக இருந்தால் சோதிக்க வழி இருக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் சி7 என்று ஒரு வரி வரும் (பதின்ம எண்ணில் 199). தரவு வழியில் சிதைந்து மறுபடி அனுப்பப்பட்ட ஒவ்வொரு தடவையையும் டிஸ்க் அதில் எண்ணி வைக்கிறது. அந்த எண் நாளுக்கு நாள் கூடினால் கேபிளை மாற்றுங்கள். கூடாமல் அப்படியே நின்றால் அது பழைய கதை, விட்டுவிடலாம். தரவுக் கேபிள் தன் குறையைத் தானே எழுதி வைக்கிறது. பவர் கேபிளில் இப்படி ஒன்றும் கிடையாது.

நேர் முனையா, வளைந்த முனையா என்றால், வளைந்தது ஒடுங்கிய பெட்டிக்கு நல்லது. ஆனால் மதர்போர்ட் பக்கத்தில் பூட்டினால் பக்கத்துத் துளையை மறைத்துவிடும். உலோகக் கிளிப் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கழற்றும்போது கிளிப்பை அமுக்க மறந்து இழுத்தால் துளையே பெயர்ந்து வரும்.

கேபிளே வேண்டாத, போர்டில் நேரே செருகும் என்விஎம்ஈ எஸ்எஸ்டி நல்லதில்லையா என்று அவன் கேட்டான். நல்லதுதான். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 மெகாபைட் அளவில் நிற்கும், பிசிஐஈ 3.0 என்விஎம்ஈ 3,500 வரை போகும். தரவு, பவர் இரண்டு கேபிளும் மிச்சம். ஆனால் 9020 போர்டில் அதற்கான எம்.2 துளை இல்லை. புதிய போர்ட் வாங்குபவர்கள் என்விஎம்ஈயையே எடுங்கள். பல போர்டுகளில் எம்.2 துளையை நிரப்பியதும் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் அணைந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் காணாமற்போனால் பதறாமல் போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

டிஸ்குக்குப் பவர்: எந்த வழியால்

பவர் சப்ளையிலிருந்து நேரே வரும் சாட்டா பவர் முனை இருந்தால் அதுதான் முதல் தெரிவு. இல்லாதபோது, பழைய நாலு பின் மோலெக்ஸ் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டரை வாங்குகிறோம். அதில் இரண்டு விதம் உண்டு. கடையில் இரண்டும் ஒரே கம்பியில் தொங்கும், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒரு விதத்தில் முனையின் முதுகில் ஒரு மூடி இருக்கும். நகத்தால் நெம்பினால் மூடி கழரும். உள்ளே மஞ்சள், கறுப்பு, சிவப்பு வயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உலோகப் பல்லுக்குள் கடிபட்டு நிற்பது தெரியும். மற்ற விதத்தில் வயர்கள் ஒரு கட்டிப் பிளாஸ்டிக்குக்குள் போய் மறைந்துவிடும். உருக்கிய பிளாஸ்டிக்கை வயர்களின் மேல் ஊற்றி வார்த்தது அது. வார்க்கும்போது உள்ளே வயர் நகர்ந்து 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் மிக நெருங்கிவிட்டால் வெளியிலிருந்து யாராலும் காண முடியாது. மாதக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு ஒருநாள் கருகும். தரவு போய்விடும் என்று பழகியவர்கள் எச்சரிப்பது இந்த வார்த்த விதத்தைப் பற்றித்தான். மூடி உள்ளதை வாங்குங்கள்.

எங்கள் ஊருக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. என் வீடு உப்புவெளியில், கடலுக்குப் பக்கம். வாடைக் காலத்தில் ஜன்னல் கம்பி, கதவுப் பிணைச்சல், சைக்கிள் செயின் எல்லாம் துருவேறும்போது பெட்டிக்குள் இருக்கும் முனைகள் மட்டும் தப்புமா? மோலெக்ஸ் முனையின் பின்களில் பெரும்பாலும் தகரப் பூச்சு. உப்புக் காற்றில் அது மங்கிச் சாம்பல் நிறமாகும். தொடுமிடத்தில் 0.1 ஓம் தடை ஏறிவிட்டது என்று வைப்போம். எஸ்எஸ்டி 1 அம்பியர் இழுத்தால் அங்கே பிறக்கும் சூடு 0.1 வாட், ஒன்றுமில்லை. 4 அம்பியர் இழுத்தால் 1.6 வாட், அரிசி மணியளவு இடத்தில். மின்னோட்டம் நாலு மடங்கானால் சூடு பதினாறு மடங்காகிறது. அதனால்தான் எஸ்எஸ்டிக்குப் பாதுகாப்பான அதே அடாப்டர் கிராபிக்ஸ் கார்டுக்கு ஆபத்தாகிறது.

இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் இதே கணக்குத்தான். எஸ்எஸ்டி இரண்டைப் பூட்டலாம். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 அம்பியர் வரை கேட்கும். அப்படி மூன்று நான்கை ஒரே முனையில் தொங்கவிடாதீர்கள்.

கிராபிக்ஸ் கார்ட்: நாலு வழி

இனி அந்தச் சட்டைப் பை அடாப்டருக்கு வருகிறேன். சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று தொடுமுனைகள், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர். மொத்தம் 4.5 அம்பியர், அதாவது 54 வாட். எட்டுப் பின் முனையோ கார்டுக்கு 150 வாட் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. ஆறு பின் முனை 75 வாட். 54 வாட் தாங்கும் முனையின் தலையில் 150 வாட் தொப்பியைப் போட்டு விற்கிறார்கள். கார்டுக்கு அந்த மோசடி தெரியாது, கேட்கிற அளவுக்கு இழுக்கும்.

இரண்டு மோலெக்ஸ் முனைகளைச் சேர்த்து ஆறு பின்னாக்கும் அடாப்டர் இதைவிடப் பரவாயில்லை. மோலெக்ஸ் பின்கள் தடித்தவை. ஆனால் இரண்டு முனைகளும் பவர் சப்ளையின் வெவ்வேறு வயர்களிலிருந்து வர வேண்டும். ஒரே வயரில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டைப் பூட்டினால் பாரம் பகிரப்படாது. உப்புக் காற்றுக் கதையும் கூடவே இருக்கிறது. என் வீட்டில் நான் செய்யமாட்டேன்.

மூன்றாவது வழி, பவர் சப்ளையிலேயே சொந்தமாக 6+2 பின் முனை இருப்பது. இதற்குமேல் சரியான வழி கிடையாது. கார்டுக்கு இரண்டு முனை தேவைப்பட்டு, அது 250, 300 வாட் இழுப்பதாக இருந்தால் ஒரே வயரின் இரட்டை முனைகளைப் பாவிக்காமல் தனித்தனி வயர் இரண்டைக் கொண்டுபோங்கள். சிபியூவுக்கான எட்டுப் பின் முனையும் பார்வைக்கு இதேபோல இருக்கும். அது 4+4 ஆகப் பிரியும், கார்டுடையது 6+2 ஆகப் பிரியும். உள்ளே 12 வோல்ட் பின்களும் தரை (கிரவுண்ட்) பின்களும் இடம் மாறியிருப்பதால் இறுக்கித் தள்ளிப் பூட்டினால் கதை முடிந்தது.

நாலாவது வழி, வயரே கேட்காத கார்ட். ஜிடிஎக்ஸ் 1650இன் சில மாதிரிகள் போர்ட் துளை தரும் 75 வாட்டுக்குள் ஓடும். வேகம் ஆர்எக்ஸ் 570ஐவிடக் கொஞ்சம் குறைவு.

அவனுடைய 9020இல் மூன்றாம் வழிக்கு இன்னொரு தடை இருந்தது. டெல் அந்தப் பெட்டிக்கு 290 வாட் பவர் சப்ளை போட்டிருக்கிறது. அதில் கார்டுக்கான முனையே இல்லை. போர்டுக்கும் வழக்கமான 24 பின் முனையில்லை, எட்டுப் பின்தான். டிஸ்குக்கான பவர்கூட போர்டிலிருந்து இறங்கி வருகிறது. சாதாரண பவர் சப்ளை மாற்ற வேண்டுமென்றால் 24 பின்னை டெல்லின் எட்டுப் பின்னாக்கும் அடாப்டர் வேண்டும். எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1க்கு ஆறு பின். ஒன்றின் அடாப்டர் மற்றதற்கு ஆகாது. அந்த அடாப்டருக்குள்தான் முழுப் போர்டின் பாரமும் போகும், ஆகவே 18 கேஜ் வயரைவிட மெல்லியதை எடுக்காதீர்கள். கேஜ் எண் கூடக்கூட வயர் மெலியும்.

புது பவர் சப்ளை, அடாப்டர், இரண்டுக்கும் காத்திருப்பு என்று கூட்டிப் பார்த்தால் நாலாம் வழிக்குக் கார்டை மாற்றுவது மேல் என்று நான் சொன்னேன். அவனுக்கு மனமில்லை. இரவு முழுக்க எடிட்டிங் ஓடவிட்டுத் தூங்கப் போகிறவன், வீட்டில் அக்கா தனியாக இருக்கிறா என்றதும் ஒத்துக்கொண்டான். கடைக்காரர் வித்தியாசத்தைப் போட்டு மாற்றிக் கொடுத்தார்.

பழைய மொடியூலர் வயர், புது பவர் சப்ளை

இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் என் பவர் சப்ளை செத்துப்போனது. வயர்களைக் கழற்றிப் பூட்டக்கூடிய மொடியூலர் வகை அது. புதிதாக வேறு நிறுவனத்தின் மொடியூலர் ஒன்றை வாங்கினேன். பழைய வயர்களெல்லாம் பெட்டிக்குள் ஏற்கெனவே வடிவாகக் கட்டப்பட்டிருந்தன. முனைகள் புதிய பவர் சப்ளையிலும் பிசகாமல் பொருந்தின. சுவிட்சைப் போட்டதும் ஒரு சின்ன ‘டிக்’ சத்தம், பிறகு கருகிய மணம். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் போயின. அவற்றில் ஒன்றில் அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

வயரின் டிஸ்க் பக்கத்து முனைக்குத் தரநிர்ணயம் இருக்கிறது. பவர் சப்ளை பக்கத்துக்கு இல்லை. எந்தப் பின்னில் 12, எந்தப் பின்னில் 5 என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி வைக்கிறது, சிலவேளை ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளுக்குள்ளேயே மாறும். புதிய வயர்களை இழுத்துக் கட்ட ஒரு மணித்தியாலம் போகும். போகட்டும். பவர் சப்ளையோடு வந்த வயரை அதோடு மட்டும் பாவியுங்கள், மிச்சத்தைப் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள். சந்தேகமான வயரை டிஸ்கில் செருகுமுன் மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள்: மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25.

மற்றவை

முன்பக்க பவர் பட்டன், ரீசெட் வயர்களைத் திருப்பிப் பூட்டினாலும் பரவாயில்லை; எல்ஈடி மட்டும் எரியாது, திருப்பிப் போட்டால் சரி. மூன்று பின் விசிறியை நாலு பின் துளையில் தாராளமாகப் பூட்டலாம். யூஎஸ்பி 3.0இன் 19 பின் முனையை நேராக அமுக்குங்கள், சரித்தால் பின் வளையும். அலங்கார விளக்கில் கவனம்: மூன்று பின் 5 வோல்ட், நாலு பின் 12 வோல்ட். 5 வோல்ட் பட்டியை 12இல் பூட்டினால் அந்த நிமிடமே போய்விடும். 2022இல் வந்த 600 வாட் வரையான 16 பின் முனை வைத்த கார்டுகாரர்கள், பிளாஸ்டிக் விளிம்பு துளையோடு ஒட்டும்வரை அமுக்குங்கள். முனைக்குப் பக்கத்திலேயே வயரை மடக்காதீர்கள். 2023இல் திருத்திய வடிவத்தில், கார்டுக்குச் சைகை தரும் சின்னப் பின்களான உணர் பின்களைக் குட்டையாக்கியதே, அரைகுறையாகப் பூட்டினால் கார்ட் மின்சாரம் இழுக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

எதைத் தொடுமுன்னும் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். கொம்பியூட்டரை அணைத்திருந்தாலும் வயர் சுவரில் இருக்கும்வரை போர்டில் காத்திருப்பு மின்சாரம் ஓடும். கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கி மிச்சத்தையும் வடியவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கையை வையுங்கள்.

கார்ட் வந்த அன்று மருமகனே எல்லாவற்றையும் பூட்டினான். எஸ்எஸ்டிக்கு போர்டிலிருந்து வரும் டெல்லின் சொந்த வயர், பழைய தரவுக் கேபிள். ஒரு வாரம் கழித்து சி7ஐப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். பூச்சியம் என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான். அந்தச் சட்டைப் பை அடாப்டரை மட்டும் குப்பையில் போட மனம் வரவில்லை. யாராவது பொறுக்கி எடுத்துப் பாவித்துவிட்டால்? குறட்டால் நடுவில் வெட்டிவிட்டுத்தான் போட்டேன்.